52 வயது, 18 மி.மீ. அப்பெண்டிக்ஸ், காய்ச்சலே இல்லை: இது அப்பெண்டிசைட்டிஸ்தானா?

கேள்வி: பயிற்சி_அறுவை

பெண், 52 வயது. மூன்று மாதமாக வலது அடிவயிற்றில் மந்தமான வலி. வருகிறது, இரண்டு நாள் இருக்கிறது, தானே போய்விடுகிறது. காய்ச்சல், வாந்தி, பசியின்மை எதுவும் கிடையாது. அழுத்தினால் வலிக்கிறது, கையைச் சட்டென எடுக்கும்போது வலி கூடவில்லை. வெள்ளணு 7,800, சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இயல்பு, ஹீமோகுளோபின் 9.8, கிரியேட்டினின் 0.8. ஆல்வராடோ மதிப்பெண் (அப்பெண்டிசைட்டிஸ் வாய்ப்பைக் கணிப்பது, மொத்தம் 10) கூட்டிப் பார்த்தால் 2-தான் வருகிறது.

வெளியில் எடுத்த அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்: அப்பெண்டிக்ஸ் விட்டம் 18 மி.மீ., அழுத்தினால் அமுங்கவில்லை, உள்ளே திரவம், சுற்றியுள்ள கொழுப்பில் மாற்றம் இல்லை, "அக்யூட் அப்பெண்டிசைட்டிஸ்". நாளை மறுநாள் லேப்ராஸ்கோப்பி லிஸ்ட்டில் பெயர் இருக்கிறது.

நோயாளியைப் பார்த்தால் அக்யூட்டாகத் தெரியவில்லை, ஸ்கேனோ அப்படிச் சொல்கிறது. அப்பெண்டிக்ஸில் அபூர்வமாக வரும் நோய்களில் எதையெல்லாம் இங்கே யோசிக்க வேண்டும்? தியேட்டருக்குப் போகுமுன் என்ன டெஸ்ட், உள்ளே போனபின் என்ன கவனம், பேத்தாலஜிக்கு எப்படி அனுப்புவது? காசநோயையும் மனதில் வைத்திருக்கிறேன்.

---

பதில்: நிழற்படம் (ரேடியாலஜி)

அந்த ரிப்போர்ட்டில் பார்த்து எழுதிய வரிகளில் குறையில்லை. கடைசியில் வைத்த பெயர்தான் அவற்றோடு ஒட்டவில்லை.

அப்பெண்டிக்ஸின் வெளி விட்டம் 6 மி.மீ. வரை இயல்பு. அதற்கு மேல், அமுக்கினால் அமுங்காமல், சுற்றுக் கொழுப்பு வெளுத்துத் தடித்திருந்தால் அழற்சி. 15 மி.மீ.-ஐத் தாண்டினால் முதலில் நினைக்க வேண்டியது மியூக்கோசீல், அதாவது உள்ளே மியூசின் தேங்கி ஊதிய அப்பெண்டிக்ஸ். திடீரென அடைபட்டு, கிருமி பெருகி, அழுத்தம் ஏறும் அப்பெண்டிக்ஸ் இவ்வளவு அகலம் வரும் முன்னரே அழுகியோ ஓட்டை விழுந்தோ நோயாளியைப் படுக்கையில் தள்ளிவிடும். மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சளி நிரம்பும்போதுதான் சுவர் இப்படிப் பெரிய வலியில்லாமல் இளகிக்கொடுக்கும். கொழுப்பில் மாற்றமில்லை, சி.ஆர்.பி. இயல்பு என்பதெல்லாம் இதோடு பொருந்துகிறது.

அல்ட்ராசவுண்டை இன்னொரு முறை, நிதானமாகச் செய்யச் சொல்லுங்கள். முதலில் லீனியர் புரோபால் மெதுவாக அழுத்தி, குடல் வாயுவை விலக்கி, சீகத்தைப் (பெருங்குடலின் தொடக்கப் பை) பிடிக்க வேண்டும். அங்கிருந்து டெர்மினல் இலியம் (சிறுகுடலின் கடைசிப் பகுதி), அதற்குக் கீழே அப்பெண்டிக்ஸின் அடி. குழாய் சீகத்தில் போய்ச் சேருகிறதா, மறுமுனை குருடாக முடிகிறதா என்று நீளவாக்கில் காட்ட வேண்டும். சீகத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொன்னால் தெரியும். மியூசின் தண்ணீர் மாதிரி ஒரே கறுப்பாக இருக்காது. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய வெள்ளை வளையங்கள் தெரியும். அந்த அடுக்குகளைப் பார்த்துவிட்டால் வேறு பெயர் தேட வேண்டியதில்லை. தெரியவில்லை என்பதற்காக மியூக்கோசீல் இல்லையென்றும் ஆகிவிடாது.

பெண் நோயாளி என்பதால் இரண்டு சினைப்பைகளையும் தனித்தனியாகக் காட்டியாக வேண்டும். வலது சினைப்பைக் கட்டி என்று எழுதப்பட்டு, மகப்பேறு தியேட்டரில் வயிற்றைத் திறந்தபின் அப்பெண்டிக்ஸ் என்று தெரியவரும் மியூக்கோசீல்கள் உண்டு.

அடுத்தது சி.டி. கிரியேட்டினின் இயல்பு என்பதால் நரம்பு வழி கான்ட்ராஸ்ட் தாராளமாகக் கொடுக்கலாம். போர்ட்டல் வீனஸ் கட்டம், அதாவது ஊசி போட்டு சுமார் 70 வினாடி. நெஞ்சின் கீழ்ப்பகுதியிலிருந்து இடுப்பு முடிய, 1 முதல் 3 மி.மீ. துண்டுகள், கரோனல் படமும் வேண்டும். நீங்களே படத்தைத் திறந்து பார்க்கும்போது:

சுவரில் முட்டை ஓடு மாதிரி வளைந்த சுண்ணாம்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். இது மியூக்கோசீலுக்குப் பெரிய அடையாளம், ஆனால் பாதிப் பேருக்குக் கூட இருக்காது. இதை ஃபீக்கோலித்தோடு (இறுகிய மலக்கல்) குழப்ப வேண்டாம். ஃபீக்கோலித் குழாயின் நடுவே உருண்டையாக நிற்கும், சுண்ணாம்புக் கோடு சுவரோடு ஒட்டி வளையும். சுவர் ஒழுங்கற்றுத் தடித்து, முடிச்சு முடிச்சாக கான்ட்ராஸ்டை இழுத்தால் புற்று ஐயம் கூடுகிறது. பிறகு அப்பெண்டிக்ஸை விட்டு வெளியே வாருங்கள். வலது உதரவிதானத்துக்குக் கீழ், கல்லீரல் விளிம்பு (அழுத்திக் குழித்தது போல அலையலையாக இருக்கிறதா), பெருங்குடலின் வலப்பக்கப் பள்ளம், ஓமென்டம் (குடல் மேல் தொங்கும் கொழுப்புத் திரை), இடுப்புக் குழி. மியூசின் வெளியேறியிருந்தால் தங்குவது இங்கேதான்.

ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக வேண்டாம். ஊசித் துளை வழியே மியூசின் வயிற்றுக்குள் கசிந்தால், அதில் செல்களும் இருந்தால், சூடோமிக்சோமாவுக்கு (வயிற்றுக்குள் ஜெல்லி போல மியூசின் பரவும் நோய்) நாமே கதவைத் திறந்துவிட்டதாகும்.

---

பதில்: கத்தியும்நூலும் (அறுவை சிகிச்சை)

தம்பி, முதலில் நாளை மறுநாள் லிஸ்ட்டிலிருந்து பெயரை எடுங்க. இது அவசரம் இல்லை. ஒரு வாரம் தள்ளினா ஒண்ணும் கெட்டுப்போகாது.

நீங்க போகிற போக்கில் எழுதிட்டுப் போன ஹீமோகுளோபின் 9.8 இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு உறுத்துது. மாதவிடாய் அதிகப்போக்கு இருக்கான்னு கேளுங்க, ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கிற இரும்புச் சேமிப்பு) பாருங்க. ஆனா 52 வயசில் ரத்தசோகை, வலது அடிவயிற்று வலி, ஊதின அப்பெண்டிக்ஸ் மூணும் சேர்ந்தா, சீகத்தில் ஒரு கட்டி உட்கார்ந்து அப்பெண்டிக்ஸ் வாயை அடைச்சிருக்கான்னு பார்க்காம கத்தி எடுக்கக் கூடாது. அதனால கொலனாஸ்கோப்பி கட்டாயம், சீகம் வரை, குடலை நல்லா சுத்தம் பண்ணி. பாதியில் திரும்பி வந்த ஸ்கோப்பி கணக்கில் சேராது. அப்பெண்டிக்ஸ் வாய் இருக்கிற இடம் ஒரு மேடாகி, நடுவில் துளையோட எரிமலை வாய் மாதிரி இருந்தா அது மியூக்கோசீலின் அடையாளம். மேட்டு மேல சளிச்சவ்வு வழவழன்னு இயல்பா இருக்கும். அங்கே பயாப்ஸி எடுத்தா "நார்மல் மியூக்கோசா"ன்னுதான் வரும், அதை வைச்சு நிம்மதி ஆகிடாதீங்க.

சி.இ.ஏ., சி.ஏ. 19-9, சி.ஏ. 125, இந்த ரத்தப் புற்று மார்க்கர் மூணும் ஒரு தடவை எடுத்து வைங்க. நோயைச் சொல்றதுக்கு இல்லை, பின்னால ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கு.

ஒப்புதல் படிவத்தில் "அப்பெண்டிசெக்டமி" மட்டும் எழுதாதீங்க. சீகத்தின் ஒரு பகுதியை எடுக்க வேண்டி வரலாம், திறந்த ஆபரேஷனா மாறலாம், ரிப்போர்ட்டைப் பொறுத்து ரெண்டாவது ஆபரேஷன் வரலாம். இந்த மூணும் குடும்பத்துக்குப் புரியற மாதிரி சொல்லி எழுதுங்க.

உள்ளே போனதும் அப்பெண்டிக்ஸைத் தொடாதீங்க. கேமராவை முதலில் வலது உதரவிதானத்துக்குக் கீழ கொண்டு போங்க, கல்லீரல் மேற்பரப்பு, ஓமென்டம், ரெண்டு சினைப்பை, இடுப்புக் குழி, எல்லாத்தையும் படம் எடுத்துட்டு வாங்க. வெளியே ஜெல்லி மாதிரி எதாவது கிடந்தா மாதிரி எடுத்து அனுப்பி, அது எங்கே எவ்வளவுன்னு எழுதி, அதோட நிறுத்துங்க. அந்த இடத்திலேயே வேகத்தில் ஹெமிகொலக்டமி (வலது பக்கப் பெருங்குடலையே எடுக்கிறது) பண்றது அவங்களுக்கு நல்லது இல்லை. ஒட்டியிருக்கிற பெரிட்டோனியத்தை (வயித்து உள்சவ்வு) பிய்ச்சா, செல்கள் ஆழமான இடங்களுக்குப் போய் ஒட்டிக்கும். பெரிட்டோனியத்தை உரிச்சு எடுத்து, மைட்டோமைசின் மாதிரி மருந்தை 41-42 டிகிரிச் சூட்டில் வயித்துக்குள்ள ஓட்டுற வசதி இருக்கிற மையத்துக்கு அனுப்பணும்.

வெளியே எதுவும் இல்லைன்னா, கிராஸ்பரால் அப்பெண்டிக்ஸ் உடம்பைப் பிடிக்காதீங்க. மீசோ அப்பெண்டிக்ஸை (அப்பெண்டிக்ஸுக்கு ரத்த நாளம் வர்ற கொழுப்பு மடிப்பு) பிடிச்சுத் தூக்குங்க. மியூக்கோசீலின் சுவர் சில இடத்தில் காகிதம் மாதிரி மெலிஞ்சிருக்கும், கிராஸ்பர் பல்லு பட்டாலே போதும். அடிப்பகுதி அகலமா இருந்தா எண்டோலூப் (நூல் சுருக்கு) வேண்டாம், ஸ்டேப்ளர் வைச்சு சீகத்தின் ஒரு சிறு விளிம்பையும் சேர்த்து எடுங்க. இலியோசீகல் வால்வை இழுத்துச் சுருக்காம பார்த்துக்கங்க. மீசோவும் முழுசா கூடவே வரணும். பைக்குள்ள போட்டு, பையோட வெளியே எடுக்கணும். போர்ட் வழியா வெறும் அப்பெண்டிக்ஸை இழுத்துடாதீங்க. உடையாம எடுக்க முடியாதுன்னு தோணினா அந்த நிமிஷமே வயிற்றைத் திறந்துடுங்க.

ஃப்ரோஸன் செக்‌ஷனை (ஆபரேஷன் நடக்கும்போதே திசுவை உறைய வைச்சுப் பார்க்கிறது) நம்பி பெரிய ஆபரேஷன் முடிவு எடுக்காதீங்க. முழு அப்பெண்டிக்ஸையும் பார்த்தாத்தான் சொல்ல முடியுங்கிற நோயில் ஒரு துண்டு எதையும் தீர்க்காது.

---

பதில்: நுண்ணோக்கி (பேத்தாலஜி)

அறுவை முடிந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன். பெரும்பாலான தவறுகள் தியேட்டருக்கும் எங்கள் மேசைக்கும் இடையில்தான் நடக்கின்றன.

உறவினருக்குக் காட்டுவதற்காக அப்பெண்டிக்ஸைத் தியேட்டரில் பிளந்து வைக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். தயவுசெய்து இந்த நோயாளிக்குச் செய்ய வேண்டாம். பிளேடு பட்டதும் உள்ளிருக்கும் மியூசின் வெளிப்பரப்பில் வழிந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு ஸ்லைடில் வெளிச்சுவரின்மேல் மியூசினைப் பார்த்தால், நோய் சுவரைத் துளைத்து வந்ததா, கத்தி கொண்டுவந்ததா என்று எங்களால் சொல்ல முடியாது. செல்லே இல்லாத வெறும் மியூசின் வெளிச்சுவரைத் தொட்டிருந்தாலும் நிலை டி4ஏ (வெளிச்சுவரை எட்டியது). தொடவில்லை, தசை அடுக்கோடு நின்றுவிட்டது என்றால் டிஐஎஸ் (வெளியே பரவாத ஆரம்ப நிலை). ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு, இன்னொருவருக்கு ஏறக்குறைய விடுதலை. உறவினருக்குக் காட்ட வேண்டுமென்றால் முழுசாக, கண்ணாடிப் பாட்டிலில் காட்டுங்கள்.

10 சதவீத நியூட்ரல் பஃபர்டு பார்மலின், திசுவின் பருமனைப் போலப் பத்து மடங்காவது. சின்ன டப்பாவில் திணித்து அனுப்பினால் நடுப்பகுதி அழுகித்தான் வந்து சேரும்.

சாதாரண அப்பெண்டிசைட்டிஸுக்கு நாங்கள் எடுப்பது: நுனியை நீளவாக்கில் பிளந்து, நடுவில் ஒரு குறுக்குத் துண்டு, அடியில் ஒன்று. மியூசின் நோய்க்கு இது போதவே போதாது. வெளிப்பரப்பில் மை பூசி, அடி விளிம்பை முதலில் தனியாக எடுத்து, மீதி முழுவதையும் 3 மி.மீ. வளையங்களாக வெட்டி எல்லாவற்றையும் பிளாக்கில் போட வேண்டும். இதற்கு ஆய்வுக்கூடம் தானாக முன்வரும் என்று நினைக்காதீர்கள். படிவத்தில் "மியூக்கோசீல் ஐயம், முழு அப்பெண்டிக்ஸையும் பார்க்கவும்" என்று எழுதுங்கள். வயது, விட்டம், சி.டி.யில் கண்டது, உடைந்ததா இல்லையா, வெளியே மியூசின் இருந்ததா, முன்பு ஆன்டிபயாட்டிக் கொடுத்ததா என்பதும் வேண்டும்.

மியூக்கோசீல் என்ற பெயரே ஒரு நோயல்ல, தோற்றம் மட்டும். ரோகிடான்ஸ்கி 1842-இல் விவரித்த காலத்திலிருந்து அந்தப் பெயருக்குள் பலவற்றைப் போட்டு வைத்திருக்கிறோம். வெறும் அடைப்பால் தேங்கியதாக இருக்கலாம். அது பெரும்பாலும் 2 செ.மீ.-ஐத் தாண்டாது. செரேட்டட் பாலிப்பாக இருக்கலாம். குறைந்த தர மியூசின் கட்டி, நாங்கள் எல்.ஏ.எம்.என். என்பது, இருக்கலாம்; உயர் தரமோ, முழுப் புற்றோ கூட இருக்கலாம். எல்.ஏ.எம்.என்.-இல் சளிச்சவ்வு தட்டையாகி, அதன் அடியில் இருக்க வேண்டிய லிம்ஃபாய்டு திசு காணாமல் போயிருக்கும். சப்மியூக்கோசா இறுகி வெளுத்திருக்கும். செல்கள் சுவரை ஊடுருவிக் கிழிப்பதில்லை, அகன்ற முன்பக்கத்தோடு தள்ளிக்கொண்டே போகும். "மியூசினஸ் சிஸ்டடீனோமா" என்று ரிப்போர்ட் வந்தால் ஸ்லைடைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சொல்லை 2016-இன் சர்வதேச வகைப்பாட்டிலேயே கைவிட்டாகிவிட்டது.

இன்னும் சில. நுனியில், அரை செ.மீ. அளவில், மஞ்சளாக, கெட்டியாக ஒரு புள்ளி. பார்மலினில் ஊறியதும் மஞ்சள் இன்னும் பளிச்சென்று தெரியும். அது நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் எழுவது). பெரும்பாலும் அழற்சிக்காக எடுத்த அப்பெண்டிக்ஸில் தற்செயலாகக் கிடைப்பது. ரிப்போர்ட்டில் நீங்கள் தேட வேண்டியது அளவு, இருக்கும் இடம், அடி விளிம்பு, மீசோவுக்குள் 3 மி.மீ.-க்கு மேல் புகுந்ததா, ரத்த நாளத்துக்குள் இருக்கிறதா, கேஐ-67 (செல் பெருகும் வேகத்தின் குறி) எத்தனை சதவீதம் (3-க்குக் கீழ் முதல் தரம், 3 முதல் 20 இரண்டாம் தரம்). 1 செ.மீ.-க்குள், முழுசாக எடுத்தாகிவிட்டது என்றால் அதோடு முடிந்தது. 2 செ.மீ.-க்கு மேல் வலது ஹெமிகொலக்டமி.

பெயரால் ஏமாற்றுவது கோப்ளட் செல் கட்டி. முன்பு "கோப்ளட் செல் கார்சினாய்டு" என்றார்கள், அதனால் சாதுவான கார்சினாய்டு என்று பலர் விட்டுவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வகைப்பாட்டில் அது கோப்ளட் செல் அடினோகார்சினோமா. கட்டியாகத் திரளாது. சுவருக்குள் கொத்துக் கொத்தாக ஊர்ந்து, சுவரை வளையமாகத் தடிக்க வைக்கும். கண்ணுக்கும் சி.டி.க்கும் சாதாரண அழற்சி போலவே தெரியும். இதற்குக் கேஐ-67 வைத்துத் தரம் போடுவதில்லை. புற்றாகவே நினைத்து நடத்த வேண்டும்.

---

பயிற்சி_அறுவை

நன்றி சார், நன்றி மேடம். ரத்தசோகையைத் தனியாக வைத்து யோசிக்கவில்லை, தவறுதான். பெயரை லிஸ்ட்டிலிருந்து எடுத்தாகிவிட்டது. மேடம், காசநோய் ஐயத்துக்குத் திசுவைத் தனியாக எப்படி அனுப்புவது? 1 முதல் 2 செ.மீ. நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கு என்ன முடிவு?

---

நுண்ணோக்கி

காசநோய்க்கு: பார்மலினில் போட்ட திசுவில் கிருமி வளராது. ஐயம் இருந்தால் ஒரு துண்டு, அல்லது பக்கத்தில் வீங்கிய நெறிக்கட்டி ஒன்று, நார்மல் சலைனில் தனி டப்பாவில், அன்றே ஜீன் எக்ஸ்பர்ட்டுக்கும் (காசநோய்க் கிருமியின் மரபணுச் சோதனை) கல்ச்சருக்கும் போக வேண்டும். மியூக்கோசீல் போலத் தெரிந்தால் அப்பெண்டிக்ஸை வெட்டக் கூடாது, நெறிக்கட்டியை மட்டும் அனுப்புங்கள்.

ஸ்லைடில் நடுவே அழுகிய, ஒன்றோடொன்று கூடிய கிரானுலோமா (அழற்சிச் செல்களின் முடிச்சு) இருந்தால் காசநோய் முன்னால் வரும். ஸீல்-நீல்சன் சாயத்தில் கிருமி தெரியவில்லை என்பது காசநோயை மறுக்காது. திசுவில் கிருமி எண்ணிக்கை குறைவு. அழுகல் இல்லாத கிரானுலோமா என்றால் அவசரப்பட்டு மருந்து ஆரம்பிக்காதீர்கள். கிரோன் (நாள்பட்ட குடல் அழற்சி), யெர்சீனியா (ஒரு குடல் பாக்டீரியா), சார்காய்டு என வேறு காரணங்களும் உண்டு. ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஆறேழு வாரம் கழித்து எடுத்த அப்பெண்டிக்ஸிலும் இதே படம் வரும். அதனால்தான் முன்பு மருந்து கொடுத்ததைப் படிவத்தில் எழுதச் சொன்னேன். அதை எழுதாமல் விட்டால் நோயாளியின் தலையில் கிரோன் என்ற பெயர் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்துவிடும். காசநோய் உறுதியானால் நெஞ்சு எக்ஸ்ரே, எச்.ஐ.வி., சர்க்கரை பார்த்து, நிக்ஷயில் (அரசின் காசநோய்ப் பதிவேடு) பதிந்து, 2 மாதம் நான்கு மருந்து, 4 மாதம் மூன்று மருந்து.

குழாய்க்குள் புழுவின் குறுக்குவெட்டு, இரு பக்கமும் முள் போல ஒரு நீட்டல்: கீரிப்பூச்சி. பெரும்பாலும் சுவரில் அழற்சியே இருக்காது, வலிக்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் அல்பெண்டசோல் 400 மி.கி., இரண்டு வாரம் கழித்து இன்னொன்று, வீட்டில் எல்லோருக்கும். இது அறுவையால் தீராது.

---

கத்தியும்நூலும்

1 முதல் 2 செ.மீ. கட்டிக்கு முன்னெல்லாம் மீசோவில் ஆழமா போயிருந்தா, ரத்த நாளத்தில் இருந்தா, ரெண்டாம் தரம்னா ஹெமிகொலக்டமின்னு சொல்லிட்டிருந்தோம். 2023-இல் ஐரோப்பாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட நீண்டகால ஆய்வில், முழுசா எடுத்த 1-2 செ.மீ. கட்டிக்கு அப்பெண்டிசெக்டமி மட்டும் செய்தவங்களுக்கும் ஹெமிகொலக்டமி செய்தவங்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் தெரியலை. அடி விளிம்பில் கட்டி இல்லைன்னா நான் அப்பெண்டிக்ஸோட நிறுத்துற பக்கம்தான். குரோமோகிரானின் ஏ (இந்தக் கட்டிக்கான ரத்த மார்க்கர்) எடுக்கிறதா இருந்தா ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் ரெண்டு வாரமாவது நிறுத்தி எடுங்க. அதை விழுங்கிட்டு எடுத்தா பொய்யா ஏறும்.

---

பதில்: மாவட்ட_மருத்துவர்

இரண்டு சேர்க்கிறேன்.

ஒன்று, 40 வயதைத் தாண்டியவர் அப்பெண்டிக்ஸ் சீழ்க்கட்டியோடு வந்து, ஆன்டிபயாட்டிக்கிலும் டிரெயினிலும் குணமாகி வீட்டுக்குப் போனால் கேஸ் முடிந்ததாக வைக்காதீர்கள். பின்லாந்தில் இப்படிப்பட்ட 60 பேரை வைத்து நடத்திய ஆய்வில் (2019) 20 சதவீதம் பேருக்கு அப்பெண்டிக்ஸில் கட்டி இருந்தது. கட்டி இருந்த அத்தனை பேரும் 40-ஐத் தாண்டியவர்கள். அதனால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். 2020 ஜெருசலேம் அப்பெண்டிசைட்டிஸ் வழிகாட்டியும் 40-க்கு மேல் கொலனாஸ்கோப்பியும் கான்ட்ராஸ்ட் சி.டி.யும் கேட்கிறது. டிஸ்சார்ஜ் அட்டையிலேயே தேதி போட்டு எழுதிவிட்டால் நோயாளி வருவார்.

இரண்டு, "ஏற்கெனவே அப்பெண்டிக்ஸ் எடுத்தாச்சு, தழும்பு இருக்கு" என்பதால் அதே வலியை ஒதுக்கிவிடாதீர்கள். அடியில் 5 மி.மீ.-க்கு மேல் துண்டு விட்டிருந்தால் அதிலேயே அழற்சி வரும். சி.டி.யில் சீகத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய், சுற்றிலும் கலங்கிய கொழுப்பு. பழைய ஆபரேஷன் குறிப்பில் அடியை எங்கே கட்டினார்கள் என்று பாருங்கள்.

---

நிழற்படம்

இதையும் சி.டி. பார்க்கும்போது நினைவில் வைக்கலாம். அப்பெண்டிக்ஸ் நடுத்தர அகலம்தான், ஆனால் மீசோ பக்கமாகச் சுவரிலிருந்து சின்னச் சின்னப் பை வெளியே துருத்தியிருந்தால் டைவர்டிகுலம். வலி நாள்பட்டதாக இருக்கும், வாந்தி குறைவு, ஓட்டை விழும் வாய்ப்பு சாதாரண அழற்சியைவிட அதிகம். இதோடு கூடவே மியூசின் கட்டி ஒளிந்திருப்பதும் உண்டு, ஆகவே ரிப்போர்ட்டில் டைவர்டிகுலம் என்று கண்டால் முழு அப்பெண்டிக்ஸையும் பிளாக்கில் போட்டார்களா என்று கேளுங்கள்.

---

பயிற்சி_அறுவை

கடைசியாக ஒன்று. கொலனாஸ்கோப்பி சுத்தம், சி.டி.யில் சுவர் மெலிதாக, வெளியே எதுவும் இல்லை, உடையாமல் எடுத்தாகிவிட்டது, ரிப்போர்ட் எல்.ஏ.எம்.என்., அடி விளிம்பு சுத்தம். பிறகு ஹெமிகொலக்டமி வேண்டுமா?

---

கத்தியும்நூலும்

வேண்டாம். எல்.ஏ.எம்.என். நெறிக்கட்டிக்குப் போகிற நோய் இல்லை, வயித்துக்குள்ள பரவுற நோய். குடலை நீளமா வெட்டி எடுத்து எதையும் தடுக்க முடியாது. தசை அடுக்குக்குள்ளேயே நின்னிருந்தா திரும்பி வர வாய்ப்பு ரொம்பக் குறைவு. வெளிச்சுவரில் மியூசின் இருந்ததுன்னு மேடம் எழுதினா ஆறு மாசத்தில் ஒரு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ., கூடவே அந்த மூணு மார்க்கரும், அப்புறம் ஆண்டுதோறும். ஆபரேஷனுக்கு முன்னால எடுத்த சி.டி. ஸ்கேன் பதிஞ்ச டிஸ்க்கை அவங்க கையிலேயே கொடுத்து, ஒவ்வொரு தடவையும் கொண்டு வரச் சொல்லுங்க. ரெண்டையும் பக்கத்தில் வைச்சுப் பார்த்தாத்தான் உதரவிதானத்துக்குக் கீழ புதுசா சேர்ந்த மெல்லிய படலம் கண்ணில் படும்.